டயர் என்ன விலைன்னு முதல்ல கேளுங்க

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தி. நகர்ல ஒரு செகண்ட் ஹேண்ட் கார் கடை. கடைசி வரிசையில ஒரு கருப்பு ஜெர்மன் செடான் நின்னுது. 2012 மாடல், லெதர் சீட், சன்ரூஃப், 184 குதிரைத்திறன் டீசல் இன்ஜின். விலை ஆறேகால் லட்சம். எங்க பட்ஜெட் ஆறு. கூட வந்த கிளாஸ்மேட் அதைச் சுத்திச் சுத்தி போட்டோ எடுத்தான். "மச்சி, சாதாரண ஹேட்ச்பேக் வாங்குற காசுல இது வருதுடா!" எனக்கும் உள்ளங்கை வேர்த்தது நிஜம்.

அப்பா மட்டும் குனிஞ்சு டயரைப் பார்த்தார். "தம்பி, இந்த டயர் ஒண்ணு என்ன விலை வரும்?" கடைக்காரர் சிரிச்சார். "சார், இவ்ளோ பெரிய வண்டி வாங்க வந்துட்டு டயரைப் பத்திக் கேக்குறீங்களே!" அப்பா மறுபடியும் அதையே கேட்டார். பதில் வரலை. "சரி தம்பி, வர்றோம்"னு கிளம்பிட்டார். வீட்டுக்கு வந்து நெட்ல தேடிப் பார்த்தேன். அந்த வண்டிக்குப் போடுற ரன்-ஃபிளாட் டயர் ஒண்ணு வாங்குற காசுல, எங்க பழைய வேகன்-ஆருக்கு மூணு டயர் வாங்கலாம்.

இந்த வருஷம் நம்ம பேட்ச்ல பாதிப் பேர் கையில ஆஃபர் லெட்டர் இருக்கு. அதுல கணிசமான பேர் ஹாஸ்டல் மெஸ்ல பேசுறது ஒரே விஷயம்: முதல் சம்பளம், முதல் கார், அதுவும் 'கொஞ்சம் ஸ்போர்ட்டியா' ஒரு கார். புதுசு வாங்கக் காசு பத்தாது, அதனால செகண்ட் ஹேண்ட். அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். நான் சொல்ல வர்றது இதுதான்: ஆறு லட்சத்துல ஸ்போர்ட்டி கார் வேணும்னா, ஒரு காலத்துல நாற்பது லட்சம் வித்த காரை வாங்காதீங்க. ஒரு காலத்துல எட்டு லட்சம் வித்த, எடை குறைவான, நல்லா ஓடுற சின்ன காரை வாங்குங்க.

காரணம் நாம இன்ஜினியரிங் எகனாமிக்ஸ் பேப்பர்ல படிச்ச தேய்மானம். காரோட விலை வருஷா வருஷம் இறங்கும். ஆனா அதோட ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்காது. சஸ்பென்ஷன் ஆர்ம், டர்போ, இன்ஜெக்டர், ஹெட்லைட் எல்லாமே நாற்பது லட்ச ரூபாய் காருக்குச் செஞ்ச பொருள்தான், விலையும் அந்தக் கணக்குதான். முதல் ஓனர் அந்தச் செலவைத் தாங்கக்கூடியவர். நாலாவது ஓனரா போற நமக்கு அது முடியாது. அதனாலதான் அந்த கார் ஆறேகால் லட்சத்துக்கு வந்து நிக்குது.

எங்க வீட்டுக் கணக்கைச் சொல்றேன். ஆறு லட்சத்துல மூணு அப்பாவோட சேமிப்பு. மீதி மூணு நான் லோன் போட்டுக் கட்டணும். ஆஃபர் லெட்டர் வந்து எட்டு மாசம் ஆச்சு, சேர வேண்டிய தேதி மட்டும் 'பின்னர் தெரிவிக்கப்படும்'. எங்க சீனியர்கள்ல சிலர் ஒரு வருஷம் வரைக்கும் இப்படிக் காத்திருந்தாங்க. பழைய கார் லோனுக்குப் புது கார் லோனைவிட வட்டி அதிகம். தேதியே வராத சம்பளத்தை நம்பி ஈ.எம்.ஐ. போட்டு, அதுக்கு மேல டர்போ போச்சுன்னா? அப்பாவோட மூணு லட்சம் வீட்டு வாசல்ல கவர் போட்டு நிக்கும். மயிலாப்பூர் சந்துகள்ல அப்படி கவர் போட்டு நிக்கிற பெரிய கார்களைப் பார்த்திருப்பீங்க. அதுல எத்தனை ஓடுற வண்டின்னு யோசிச்சிருக்கீங்களா?

சரி, காசு பேச்சை விடுவோம். 'ஸ்போர்ட்டி'ன்னா என்ன? நம்ம பசங்க முதல்ல பார்க்கிறது குதிரைத்திறன். நான் பார்க்கச் சொல்றது குதிரைத்திறனை எடையால வகுத்து வர்ற எண். 2018 ஸ்விஃப்ட் பெட்ரோல் வெறும் 83 குதிரைத்திறன்தான், ஆனா எடை 900 கிலோவுக்கும் குறைவு. டன்னுக்கு 90-க்கு மேல வருது. 105 குதிரைத்திறன் இருக்கிற போலோ ஜிடி டி.எஸ்.ஐ. எடை கூட, அதனால டன் கணக்குல ரெண்டுமே பக்கத்துல பக்கத்துல வருது. எடை குறைஞ்சா வேகம் எடுக்கிறது மட்டும் இல்ல, பிரேக் பிடிக்கிறதும் திரும்புறதும் லேசாகும். டயரும் பிரேக் பேடும் அதிக நாள் வரும். நியூட்டனோட ரெண்டாவது விதி, வேற ஒண்ணும் இல்ல.

நாம எங்க ஓட்டப்போறோம்ங்கிறதையும் பாருங்க. லஸ் கார்னர்ல இருந்து ஆர்.கே. மட் ரோடு வழியா மந்தைவெளி தாண்டி அடையாறு. சுமார் அஞ்சு கிலோமீட்டர். மெட்ரோ வேலைக்கு வெச்சிருக்கிற தடுப்புகளுக்கு நடுவுல, சாயங்காலம் ஆறு மணிக்கு இதை அரை மணியில கடந்தா அதிர்ஷ்டம். பனகல் பார்க் பக்கம் சொல்லவே வேண்டாம். 2023 நவம்பர்ல இருந்து சென்னைக்குள்ள காருக்கு வேக வரம்பு 60 கி.மீ., குடியிருப்புத் தெருக்கள்ல 30. பெரிய டர்போ டீசல் இந்த வேகத்துல தூங்கிட்டு இருக்கும். சின்ன பெட்ரோல் கார் இதே வேகத்துல ரெண்டாவது கியர்ல பாடும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு கோட்டூர்புரம் பாலம் ஏறி இறங்கும்போது, ஸ்டீயரிங் கையில என்ன சொல்லுதுன்னு கேளுங்க. 50 கி.மீ. வேகத்துல சிரிப்பு வரவழைக்கிற கார்தான் சென்னைக்கு ஸ்போர்ட்ஸ் கார். 140-ல மட்டும் சுகமா இருக்கிற காரை வெச்சுக்கிட்டு நீங்க ஈ.சி.ஆர்.லதான் தேடிப் போகணும். அந்தத் தேடல் எப்படி முடியுதுன்னு பேப்பர்ல பார்த்துட்டுதான் இருக்கோம்.

இது என்னோட கண்டுபிடிப்பு இல்ல. நம்ம ஊர் ரேஸ் வரலாறே இதைத்தான் சொல்லுது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல ஆரம்பிச்சது. ரெண்டாம் உலகப் போர் காலத்து சோழவரம் விமான ஓடுதளத்துலதான் அப்போ ரேஸ் நடந்தது. அப்புறம்தான் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது. கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் ஃபார்முலா மாருதின்னு ஒரு ரேஸ் கார் வடிவமைச்சார். அதுல இருந்தது என்ன இன்ஜின் தெரியுமா? நம்ம தாத்தா ஓட்டின மாருதி 800-ஓட 796 சிசி இன்ஜின். நரேன் கார்த்திகேயன் ஆரம்ப காலத்துல ஓட்டினது அந்த ஃபார்முலா மாருதிதான். 2005-ல அவர் ஃபார்முலா ஒன் போனார், அங்க போன முதல் இந்தியர். குட்டி இன்ஜின், லேசான உடம்பு, அதுல ஓட்டக் கத்துக்கிட்டாங்க. நாம கத்துக்கிறதுக்கு முன்னாடியே 184 குதிரைத்திறன் கேக்குறோம்.

இப்போ என்னென்ன பார்க்கலாம்? நான் ஆறு வாரமா பார்த்ததை வெச்சு என் கருத்து இது.

ஸ்விஃப்ட், 2018-க்கு அப்புறம் வந்த பெட்ரோல் மேனுவல். எந்தத் தெருமுனை மெக்கானிக்கும் பிரிச்சு மாட்டுவார். குறை என்னன்னா, 2018-ல நடந்த குளோபல் என்கேப் சோதனையில ரெண்டு ஸ்டார்தான் வாங்கிச்சு. பின் சீட்ல அம்மா உட்காரப்போறாங்கன்னா அதையும் கணக்குல எடுங்க.

பலேனோ ஆர்.எஸ். 2017-ல வந்தது, 2020-ல நின்னுடுச்சு. 1 லிட்டர் டர்போ, சுமார் 100 குதிரைத்திறன், நாலு சக்கரத்துலயும் டிஸ்க் பிரேக், மேனுவல் மட்டும். புதுசா வந்தப்போ யாரும் கண்டுக்கலை, அதனால இப்போ ஓரளவு மலிவா கிடைக்குது. கிடைச்சா விடாதீங்க.

போலோ ஜிடி டி.எஸ்.ஐ. இதுக்கு ஒரு ரசிகர் மன்றமே இருக்கு. ஓட்டினா ஏன்னு புரியும். 2014 குளோபல் என்கேப்ல ஏர்பேக் இல்லாத போலோ பூஜ்யம், ரெண்டு ஏர்பேக் இருந்த போலோ நாலு ஸ்டார். ஆனா பழைய 1.2 டி.எஸ்.ஐ.-ல இருக்கிறது ஏழு கியர் டி.எஸ்.ஜி., உலர் கிளட்ச் வகை. நம்ம ஊர் டிராஃபிக்ல ஊர்ந்து ஊர்ந்து போனா அந்த கிளட்ச் சூடாகித் தேயும். அதோட மெக்கட்ரானிக் யூனிட் போனா பில் கையைக் கடிக்கும். இன்னொரு விஷயம்: சாதாரண போலோல 'ஜிடி' எழுத்தை மட்டும் ஒட்டி விக்கிறாங்க. ஆர்.சி.-யில சிசி பாருங்க. 1.2 டி.எஸ்.ஐ.-க்கு 1197, சாதாரண பெட்ரோலுக்கு 1198. ஒரே ஒரு சிசி வித்தியாசம்! அதோட 1.2 ஜிடி டி.எஸ்.ஐ. மேனுவல்ல வந்ததே இல்ல. '2016 டி.எஸ்.ஐ. மேனுவல்'னு யாராவது சொன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. மேனுவல் டி.எஸ்.ஐ. வேணும்னா 2020-க்கு அப்புறம் வந்த 1 லிட்டர் பார்க்கணும்.

ஃபிகோ 1.5 டீசல். 100 குதிரைத்திறன், 215 நியூட்டன் மீட்டர் டார்க், சின்ன உடம்பு. 2017-ல 'ஸ்போர்ட்ஸ்'னு ஒண்ணு விட்டாங்க, கொஞ்சம் இறுக்கமான சஸ்பென்ஷன், 15 இன்ச் வீல். மறைமலை நகர்ல இருந்து ஐகான், ஃபியஸ்டான்னு ஓட்டுறவங்களுக்காகவே கார் செஞ்ச கம்பெனி ஃபோர்டு. 2021 செப்டம்பர்ல இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்துறோம்னு அறிவிச்சதும் மார்க்கெட்ல விலை இறங்கிச்சு. சர்வீஸும் பார்ட்ஸும் தொடருது, ஆனா சென்டர்கள் குறைஞ்சிருக்கு. அந்த பயத்துக்கான தள்ளுபடி நமக்கு லாபம்னு நினைக்கிறேன்.

அபார்த் புன்டோ. 2015-ல வந்தது, 1.4 டர்போ, 145 குதிரைத்திறன். என் போன் வால்பேப்பரே இதுதான். ஆனா நாட்டுல இருக்கிறதே கொஞ்சம், கம்பெனி அந்த காரை விட்டே பல வருஷம் ஆச்சு. ஒரு சின்ன பார்ட்டுக்காக மாசக்கணக்குல காத்திருக்க வேற வண்டி வீட்டுல இருந்தா மட்டும் வாங்குங்க.

ஐ20 என் லைன். 2021-ல வந்தது, 120 குதிரைத்திறன். ரேஸ் டிராக் இருக்கிற அதே இருங்காட்டுக்கோட்டையில பொறந்த கார். நம்ம ஆறு லட்சத்துக்கு இன்னும் சிக்கலை. உங்க தங்கச்சி படிச்சு முடிக்கும்போது சிக்கும்.

எதை எடுத்தாலும் ஒரு விதி: ஆறு லட்சம் இருந்தா ஆறு லட்சத்துக்கு கார் வாங்கக் கூடாது. அஞ்சுல ஒரு பங்கைத் தொடாம வெச்சுடுங்க. பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ், நாலு டயர், எல்லா ஆயில், கூலன்ட், பேட்டரி, தேவைப்பட்டா கிளட்ச். முதல் மூணு மாசத்துல இது எல்லாம் வரும். வரலைன்னா ரொம்ப நல்லது, எஃப்.டி. போடுங்க.

அடுத்தது தண்ணி. சென்னையில பழைய கார் வாங்குறவன் முதல்ல பயப்பட வேண்டியது இதுக்குத்தான். 2015 டிசம்பர்ல அடையாறு பொங்கி கோட்டூர்புரமே மூழ்கிச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல், வேளச்சேரி பக்கம் கார்கள் மிதந்த வீடியோ எல்லாரும் பார்த்தோம். 2024 அக்டோபர்ல மழை எச்சரிக்கை வந்தவுடனே மக்கள் வேளச்சேரி மேம்பாலத்து மேல வரிசையா காரை நிறுத்தினாங்க. ஊரே சிரிச்சது, எனக்குச் சிரிப்பு வரலை. மேம்பாலத்துல இடம் கிடைக்காத கார்கள் எங்க போச்சு? சிலது பாலிஷ் போட்டு மார்க்கெட்டுக்கு வந்தது. என் சீனியர் ஒருத்தர் அப்படி ஒண்ணை வாங்கினார். மூணாவது மாசம் வயரிங் ஒவ்வொண்ணா போக ஆரம்பிச்சது. பவர் விண்டோ, அப்புறம் ஏ.சி., அப்புறம் ஓ.எம்.ஆர். நடுவுல இன்ஜினே நின்னுடுச்சு. வித்தவர் போனை எடுக்கலை. இன்னும் ஈ.எம்.ஐ. கட்டுறார்.

அதனால சீட் பெல்ட்டை முழுசா வெளிய இழுங்க, கடைசி அடியில சேறு கோடு இருக்கான்னு பாருங்க. சீட்டுக்கு அடியில தண்டவாளத்துல துரு, ஸ்டெப்னி வைக்கிற குழியில மண், கார்ப்பெட்டைத் தூக்கினா நாத்தம், இதெல்லாம் சாட்சி. இன்னொரு வழி, பழைய இன்ஷூரன்ஸ் பாலிசிகளைக் கேளுங்க. க்ளெய்ம் பண்ணாத ஓனருக்கு நோ க்ளெய்ம் போனஸ் வருஷா வருஷம் ஏறி 50 சதவீதம் வரை போகும். ஒரே ஓனர் கையில இருக்கும்போது 2024 பாலிசியில அது திடீர்னு பூஜ்யம் ஆகியிருந்தா, முந்தின வருஷம் ஏதோ பெரிய க்ளெய்ம் நடந்திருக்கு. என்னன்னு கேளுங்க. சொல்லத் தயங்கினா கிளம்புங்க.

பேப்பர் வேலையைச் சுருக்கமா சொல்றேன். ஆர்.சி.-யில ஹைப்போதிகேஷன் இருந்தா பேங்க்கோட என்.ஓ.சி.-யும் படிவம் 35-ம் வேணும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. டெல்லியில பத்து வருஷம் ஆன டீசல் காருக்குக் கட்டுப்பாடு வந்ததால அங்க இருந்து மலிவா வண்டிகள் வந்தது. ஆனா வேற மாநில வண்டியை இங்க நிரந்தரமா வெச்சுக்கணும்னா மறுபதிவு பண்ணி, சாலை வரியும் கட்டணும். சேர்த்துப் பார்த்தா மலிவு காணாமப் போகும். 15 வருஷத்தை நெருங்கின காரும் வேண்டாம். பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆஃபீஸ்ல வண்டியைக் காட்டணும், பசுமை வரி வேற. 2019-க்கு முந்தின பேஸ் வேரியன்ட்கள்ல ஏர்பேக்கோ ஏ.பி.எஸ்.-ஸோ இல்லாமலே இருக்கலாம். அந்த ரெண்டும் இல்லாத வண்டியை ஸ்போர்ட்டின்னு சொல்லி ஓட்டாதீங்க.

"அப்போ பவரே வேண்டாமா? 21 வயசுல மாமா மாதிரி பேசுறியே"ன்னு கிளாஸ்மேட் கேட்டான். நியாயமான கேள்விதான். பெரிய கார் தர்ற அந்த முதுகை அழுத்துற இழுப்பு எனக்கும் பிடிக்கும். ஒரு நாள் சம்பாதிச்சு, புதுசாவே வாங்கி, அதோட டயரையும் யோசிக்காம வாங்குற நிலைமை வந்தா வாங்குவேன். வேகம் வேணும்னா அதுக்கு இருங்காட்டுக்கோட்டை இருக்கு. ஹெல்மெட், மார்ஷல், ஆம்புலன்ஸ் எல்லாம் அங்க இருக்கும். ராத்திரி ரெண்டு மணி ஈ.சி.ஆர்.ல மாடு மட்டும்தான் இருக்கும். 2024-ல தீவுத்திடலைச் சுத்தி ஃபார்முலா 4 ரேஸ் நடந்தப்போ, ரோட்டை மூடி ரெண்டு பக்கமும் தடுப்பு வெச்சாங்க. அது எதுக்குன்னு யோசிச்சா போதும். அப்புறம் ஜி.பி. ரோடு போய்ச் சத்தம் போடுற சைலன்ஸர் மாட்டுறது. மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு வண்டியை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. அந்தக் காசுல நல்ல டயர் போடுங்க, கார் நிஜமாவே மாறும்.

கடைசியா நாங்க வாங்கிட்டோம். அடையாறு காந்தி நகர்ல ரிட்டையர் ஆன ஒரு சாரோட 2017 ஃபிகோ ஸ்போர்ட்ஸ் டீசல், ஒரே ஓனர், நாலு லட்சத்து இருபதாயிரம். லோன் மூணுல இருந்து ஒண்ணேகாலா குறைஞ்சது. சேரும் தேதி இன்னும் ஆறு மாசம் தள்ளினாலும், டியூஷன் எடுத்தாவது கட்டிடுவேன். எங்க மெக்கானிக் அண்ணன் வண்டிக்கு அடியில படுத்து எழுந்து, "எடுத்துக்கோ தம்பி, ஓட்டி ரசிச்சிருக்காரு"ன்னார்.

அப்பா வழக்கம்போல குனிஞ்சு கேட்டார்: "சார், டயர் ஒண்ணு என்ன விலை?" அவர் சிரிக்கலை. உள்ள போய் ஒரு ஃபைலைக் கொண்டு வந்தார். வாங்கின நாள்ல இருந்து எல்லா பில்லும் தேதி வாரியா அதுல இருந்தது. போன வருஷம் மாத்தின நாலு டயரோட பில்லை எடுத்து நீட்டினார். அப்பா கண்ணாடி போட்டுப் படிச்சுட்டு, என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

நீங்க யாராவது கார் பார்க்கப் போறீங்கன்னா கூப்பிடுங்க, ஞாயிறு காலை நான் ஃப்ரீ. சீட் பெல்ட் இழுக்க நான் வர்றேன், டயர் விலை கேக்க அப்பா வருவார். ஃபில்டர் காபி உங்க செலவு.